குரூப்பில் ஆயிரம் பேர்... சங்கத்தில் எத்தனை பேர்?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. இமெயில் பார்க்கிறோம், ரயில் டிக்கெட் புக் செய்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம், யூடியூபில் பாட்டுக் கேட்கிறோம். இதே இணைப்பைப் பயன்படுத்தி உலகின் பல பகுதிகளில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். அரசாங்கங்களையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். ‘இனிமேல் புரட்சி எல்லாம் இன்டர்நெட்டில்தான்’ என்கிறார்கள் சிலர். ‘லைக் போட்டால் கூலி உயருமா?’ என்று கேட்கிறார்கள் வேறு சிலர். எது சரி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் திண்டிவனத்துக்காரன். விழுப்புரத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போய், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் நிறையப் பேர். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் வேறு, என் சம்பளம் வேறு. ஆனால் ‘நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்வி எங்கள் இரண்டு தரப்புக்கும் பொதுவானது.

முதலில் வார்த்தையைப் புரிந்து கொள்வோம்

‘வர்க்கப் போராட்டம்’ என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் தொழிற்சாலை, இயந்திரம், நிலம், மூலதனம் வைத்திருப்பவர்கள். இன்னொரு பக்கம் தங்கள் உழைப்பை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள். கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, யார் சொல்வது நடக்கும் என்று இவர்களுக்கிடையே நடக்கும் இழுபறிதான் வர்க்கப் போராட்டம். கார்ல் மார்க்சும் பிரெடரிக் எங்கெல்சும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கை இதைத்தான் வரலாற்றின் மையமாக வைத்தது. தொழிற்சாலையும் நிலமும் சமுதாயத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்பது சோஷலிசப் புரட்சியின் நோக்கம்.

அதை ஏற்றுக் கொள்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஒரு தொழிலாளியிடமிருந்து இன்னொரு தொழிலாளிக்குச் செய்தி எப்படிப் போகிறது, அதனால் என்ன ஆகிறது என்பதே நம் விஷயம்.

பேப்பரைச் சுமந்தவர்கள்

இன்டர்நெட்டுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது பத்திரிகை. 1900 டிசம்பரில் ‘இஸ்க்ரா’ என்ற ரஷ்ய மொழிப் பத்திரிகை ஜெர்மனியின் லெய்ப்ஸிக் நகரில் அச்சானது. இஸ்க்ரா என்றால் தீப்பொறி. ரஷ்யாவில் ஜார் மன்னரின் போலீஸ் கண்ணில் படாமல் அதை ரகசியமாகக் கொண்டு போனார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவர் லெனின். பத்திரிகை செய்தி சொல்வதோடு நிற்பதில்லை, ஆட்களை ஒன்று சேர்க்கும் வேலையையும் செய்கிறது என்று 1901-ல் அவர் எழுதினார்.

எப்படி? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்திரிகைக் கட்டை ஒருவர் எல்லை தாண்டிக் கொண்டு வர வேண்டும். ஒருவர் வீட்டில் மறைத்து வைக்க வேண்டும். இன்னொருவர் தொழிற்சாலைக்குள் எடுத்துப் போக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். பத்திரிகை கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒருவரை ஒருவர் நம்பும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஆட்களின் சங்கிலியே பிறகு கட்சிக்கு முதுகெலும்பு ஆனது. 1917 நவம்பரில் பெட்ரோகிராடு நகரில் புரட்சி நடந்தபோது தந்தி அலுவலகத்தையும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சையும் கைப்பற்ற அவர்களிடம் ஆள் இருந்தது.

நம் பக்கமும் இப்படித்தான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னை பெரம்பூரில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1923 மே 1-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார். ‘தொழிலாளன்’ என்ற பத்திரிகையையும் கொண்டு வந்தார். கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931-ல் பெரியாரின் ‘குடிஅரசு’ இதழில் வெளியானது.

விழுப்புரத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் 1879-லேயே ரயில் பாதை வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்தப் புதுச்சேரியில் வ. சுப்பையா 1934-ல் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளர்கள் சங்க உரிமையும் வேலை நேரக் குறைப்பும் கேட்டுப் போராடினார்கள். 1936 ஜூலை 30-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 8 மணி நேர வேலை அங்கே சட்டமானது.

இந்த எல்லா உதாரணங்களிலும் செய்தி மெதுவாகத்தான் போனது. ஆனால் ஆள் இல்லாமல் போகவில்லை. இதை நினைவில் வைத்துக் கொண்டு இன்டர்நெட் காலத்துக்கு வருவோம்.

மெக்சிகோ காட்டிலிருந்து ஒரு செய்தி

1994 ஜனவரி 1. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் ‘ஜபாடிஸ்டா’ என்ற விவசாயிகள் இயக்கம் ஆயுதம் ஏந்தி எழுந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளின் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளும் அதுதான். இவர்களின் அறிக்கைகள் இன்டர்நெட் வழியாக உலகம் முழுவதும் பரவியதால், ‘முதல் இன்டர்நெட் புரட்சி’ என்று பலர் எழுதினார்கள்.

ஆனால் அந்தக் காட்டில் இன்டர்நெட் கிடையாது. அறிக்கைகள் காகிதமாகத்தான் வெளியே வந்து பத்திரிகைகளை அடைந்தன. நகரங்களில் இருந்த ஆதரவாளர்கள் அவற்றை டைப் செய்து, மொழிபெயர்த்து, இமெயிலில் அனுப்பினார்கள். கடைசிக் கட்டத்தைத்தான் கம்ப்யூட்டர் செய்தது. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாக ஆள் சேர்த்த வேலை நடந்திருந்தது.

(பெட்டிச் செய்தி) ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாடு

தென் அமெரிக்க நாடான சிலியில் 1970-ல் சோஷலிஸ்டான சால்வடோர் அயெந்தே தேர்தலில் வென்று அதிபரானார். அரசுடைமை ஆக்கிய தொழிற்சாலைகளை ஒருங்கிணைக்க 1971-ல் ‘சைபர்சின்’ என்ற திட்டம் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் ஸ்டாஃபோர்டு பியர் என்ற பிரிட்டிஷ் நிபுணர். தொழிற்சாலைகளில் டெலக்ஸ் மெஷின்கள், தலைநகரில் தகவலை அலசக் கம்ப்யூட்டர், இவ்வளவுதான் வசதி. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் ஸ்டிரைக் செய்தபோது, எங்கே சரக்கு இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று டெலக்ஸில் கேட்டுக் கேட்டு, ஓடிய சுமார் 200 லாரிகளைக் கொண்டே அரசு சமாளித்தது. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு திட்டம் முடிந்து போனது.

ஐ.டி. ஊழியர்கள் விழித்த கதை

2014 டிசம்பரில் டி.சி.எஸ். நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்ற செய்தி வந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் ஃபேஸ்புக்கில் ஒன்று சேர்ந்தார்கள். ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கம் என்பதே அன்று பலருக்கும் புதிதாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் வாய் திறக்கத் தயங்கியவர்கள், பல நகரங்களில் இருந்து ஒரே பக்கத்தில் பேசினார்கள். ‘ஃபைட்’ என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு பரவலாக அறியப்பட்டது இந்த நாட்களில்தான். இன்டர்நெட் இல்லாமல் இவ்வளவு வேகமாக இது நடந்திருக்காது.

ஆனால் வேலை காப்பாற்றப்பட்ட இடம் ஃபேஸ்புக் அல்ல. 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு மனு, வக்கீல், ஆதாரம், கையெழுத்து எல்லாம் வேண்டியிருந்தது. ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது 2016-ல். அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகுதான். 2017-ல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களின் சங்கம் ஒன்று சட்டப்படி பதிவானது.

2021 டிசம்பர்: நெடுஞ்சாலையில் ஒரு இரவு

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை உள்ளது. அப்போது சுமார் 17,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் வெளி மாவட்டங்களில் இருந்து வந்து விடுதிகளில் தங்கிய இளம்பெண்கள். 2021 டிசம்பர் மத்தியில் ஒரு விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு உடல்நிலை கெட்டு 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், அதை மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் தகவல் பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் விடுதிகளை விட்டு வெளியே வந்து சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது.

இதை ஒரு இன்ஜினியராகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் அதிகபட்சம் 256 பேர்தான் இருக்கலாம். 17,000 பேரையும் சேர்க்கக் குறைந்தது 67 குரூப் வேண்டும். ஒரு மெசேஜை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு ஃபார்வர்டு செய்யலாம். ஒரு பெண் 200 பேர் கொண்ட 5 குரூப்களில் போட்டால் 1,000 பேர். அவர்களில் 10 பேர் அதையே செய்தால் 10,000 பேர். இரண்டே கட்டம், சில நிமிடங்கள். பேப்பர் காலத்தில் வாரக்கணக்கில் ஆகும் வேலை இது.

உணவும் விடுதியும் மோசம் என்ற புகார் உண்மை. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தர விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக் கொண்டது. ஆனால் இறந்துவிட்டார்கள் என்ற தகவல் பொய். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையும் பொய்யும் ஒரே வேகத்தில், ஒரே வழியில் வந்தன. எது எது என்று விசாரித்துச் சொல்ல, எல்லோரும் நம்பும் ஒருவர் நடுவில் இல்லை. சங்கம் என்று ஒன்று இருந்திருந்தால் மருத்துவமனைக்கு நான்கு பேரை அனுப்பிப் பார்த்து வரச் சொல்லியிருக்கும். பேச்சுவார்த்தைக்கு யார் போவது என்பதும் முன்பே முடிவாகியிருக்கும்.

அந்த மறியல் வீண் போகவில்லை. மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. விடுதிகளின் நிலைமை நாடு முழுவதும் பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. வாட்ஸ்அப் அந்தப் பெண்களை ஒரே இரவில் சாலைக்குக் கொண்டு வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

2024: பந்தலில் 37 நாட்கள்

அதே சுங்குவார்சத்திரம், மூன்று ஆண்டுகள் கழித்து. சாம்சங் தொழிற்சாலையில் சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பள உயர்வோடு அவர்கள் கேட்ட முக்கியமான விஷயம், தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். ஆலைக்கு அருகே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சி.ஐ.டி.யு. உடன் நின்றது. கைதுகள் நடந்தன. பந்தல் பிரிக்கப்பட்டது. அப்படியும் கலையவில்லை. 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 15-ல் அரசின் பேச்சுவார்த்தையில் முடிவுக்கு வந்தார்கள். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்ததால் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜனவரி 27-ல் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ பதிவானது.

இவர்கள் கையிலும் செல்போன் இருந்தது. வித்தியாசம் என்ன? அப்போது இருந்த 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டப்படி, பதிவுக்குக் குறைந்தது 7 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதாவது பெயர், கையெழுத்து, சந்தா, நிர்வாகிகள். ‘நான் இதில் இருக்கிறேன்’ என்று ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார். நிர்வாகம் மிரட்டினாலும் 37 நாள் தாக்குப் பிடிக்கும் பலம் அங்கிருந்து வருகிறது. குரூப்பில் சேர ஒரு க்ளிக், வெளியேற ஒரு க்ளிக். சங்கத்தில் அப்படி இல்லை.

கம்பி யாருடையது?

எங்கள் தெருவில் இருந்து வேறொரு தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம், “ஓவர்டைம் விஷயத்தை உங்க குரூப்புல கேக்க வேண்டியதுதானேம்மா?” என்றேன்.

“அந்த குரூப்ப ஆரம்பிச்சதே சூப்பர்வைசர்தாண்ணா. ஷிப்ட்டு மாத்தம், பஸ் டைம் எல்லாம் அவருதான் போடுவாரு. அதுல யாரு வாயத் திறப்பா?” என்றாள். பிறகு, “எங்க ரூம்ல இருக்கற எட்டு பேரு தனியா ஒண்ணு வெச்சிருக்கோம். அதுலதான் பேசுவோம்” என்றாள்.

கம்ப்யூட்டர் படிக்காமலேயே அந்தப் பெண் நெட்வொர்க்கின் முதல் பாடத்தைச் சொல்லிவிட்டாள். ஒரு குரூப்பில் யார் இருக்கலாம், யாரை நீக்கலாம் என்பது அட்மின் கையில். கம்பெனி கொடுத்த இமெயில் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அதன் நிர்வாகி நினைத்தால் பார்க்கலாம். வாட்ஸ்அப் மெசேஜ்கள் 2016 முதல் ‘என்க்ரிப்ஷன்’ முறையில் பூட்டப்பட்டுத்தான் போகின்றன. வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் போய்ச் சேரும் ஒவ்வொரு போனிலும் பூட்டு திறந்துதான் இருக்கும். 256 பேரில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும்.

அரசாங்கம் கம்பியையே அணைக்கவும் முடியும். தொழிலாளர் போராட்டம் அல்ல என்றாலும், தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. 1917-ல் பெட்ரோகிராடின் தந்தி அலுவலகம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நம் மெசேஜ்கள் போகும் சர்வர்களோ வேறு நாட்டு நிறுவனங்களுக்குச் சொந்தம். செய்திக்கு இதை மட்டுமே நம்பும் இயக்கம், சுவிட்ச் அணைந்தால் ஊமையாகிவிடும். அந்த எட்டுப் பேருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நெட் இல்லாவிட்டாலும் ராத்திரி ஒரே அறையில்தான் படுக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

இன்டர்நெட் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு எது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரும் செய்யக் கூடியவை இவை:

1. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஃபைலாக வையுங்கள். பென் டிரைவில் ஒரு நகலும் இருக்கட்டும். தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

2. உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். கணக்கின் பாஸ்புக்கை இணையத்தில் பாருங்கள். மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

3. சங்கம் பற்றிய பேச்சுக்கு அலுவலக இமெயில், அலுவலக லேப்டாப் வேண்டாம். சொந்தக் கணக்கையே பயன்படுத்துங்கள்.

4. பதற்றமான மெசேஜ் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் நேரில் பார்த்தது? எப்போது? எங்கே? பதில் இல்லை என்றால் ஃபார்வர்டு செய்யாமல், சம்பந்தப்பட்டவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

5. முக்கியமானவர்களின் போன் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் குரூப் போனாலும் ஆட்கள் போக மாட்டார்கள்.

6. படியுங்கள். மார்க்சிஸ்ட் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் மார்க்ஸ், லெனின் போன்றவர்களின் எழுத்துக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம்முடைய பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் தளம். ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும் மூலத்தைப் படித்துவிட்டுப் பேசலாம்.

கடைசியாக...

2025 ஜனவரி 3 முதல் 5 வரை மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநில மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. பெ. சண்முகம் மாநிலச் செயலாளராகத் தேர்வானார். அந்தக் கட்சிக்கு இணையதளம் இருக்கிறது. ‘தீக்கதிர்’ நாளிதழையும் இணையத்தில் படிக்கலாம். இருந்தும் முடிவெடுக்க மாநிலம் முழுவதிலும் இருந்து பிரதிநிதிகள் நேரில் வந்து மூன்று நாள் உட்கார்ந்தார்கள். அந்தக் கட்சி உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எடுத்த முடிவை மறுநாள் டெலிட் செய்ய முடியாது.

உங்கள் வேலையிடத்துக்கு ஒரு குரூப் இருந்தால், இன்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை பேர்? எத்தனை பேரின் முழுப் பெயர் உங்களுக்குத் தெரியும்? வேலை போய்விட்டது என்று நடு ராத்திரியில் கூப்பிட்டால் எத்தனை பேர் வீட்டுக்கு வருவார்கள்? கடைசி எண்ணிக்கை ஏழுக்குக் குறைவாக இருந்தால், புது ஆப் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரை டீக்கு அழையுங்கள்.